புதுப்பிப்பு: குலோத்துங்கன் எந்த வம்சம்?

போன பதிவில் புலம்பியது நினைவிருக்கும்: அரச வம்சங்களை நடத்தும் கணினி கேமான க்ரூசேடர் கிங்ஸ் 3-க்கு நான் செய்துகொண்டிருக்கும் மோடில் (கேமை நாமே மாற்றியமைக்கும் கூடுதல் தொகுப்பு), 1070-இல் முதலாம் குலோத்துங்கன் சோழப் பட்டத்துக்கு வந்ததுமே சோழ வம்சம் மறைந்து, கொடியில் சாளுக்கியர் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். கேமைக் குறை சொல்ல முடியாது. அவன் அப்பா, ஆந்திரக் கரையிலிருந்த வேங்கி நாட்டு அரசன் ராஜராஜ நரேந்திரன், கீழைச் சாளுக்கியர். கேம் தந்தை வழியைத்தான் பார்க்கும்.

பலரும் சொன்னபடி, சோழ இளவரசியான அவன் அம்மா அம்மங்காதேவியின் கல்யாணத்தைத் தாய்வழித் திருமணமாக (பிள்ளைகள் அம்மாவின் வம்சத்தில் சேரும் வகை) மாற்றிப் பார்த்தேன். ஒரே வரி மாற்றம்தான். ஆனால் பையன் பிறக்கும்போதே சோழனாகிவிட்டான், வேங்கிக் கதையே செத்துப்போச்சு. வேங்கிக்காகச் சித்தப்பா விஜயாதித்தனோடு இழுபறி இல்லாத குலோத்துங்கன் எதற்கு?

அதனால் அதைத் தூக்கிவிட்டேன். இப்போது அவன் ராஜேந்திரன் என்ற பெயரில் சாளுக்கியனாகவே பிறக்கிறான். சோழ அரியணை ஏறும் நாளில் ஒரு நிகழ்வு வந்து பெயரையும் வம்சத்தையும் சேர்த்து மாற்றுகிறது. (குலத்தை உயர்த்தியவன் என்று பெயர். எந்தக் குலத்தை என்றுதான் சொல்லவில்லை!)

ஒரு ராத்திரி முழுக்கத் தின்றது வேறொன்று: அப்பன் சோழனாகியும், முன்பே பிறந்த பிள்ளைகள் சாளுக்கியராகவே நின்றார்கள். மகன் பெயர் விக்கிரம சோழன், ஆனால் சாளுக்கிய வம்சம் என்று திரையில் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளையும் அதே நிகழ்வில் சேர்த்தபின் சரியானது.

பாட்டி குந்தவை, அம்மா, மனைவி மதுராந்தகி மூவருமே சோழ இளவரசிகள் என்பதால் முகச்சாயலை மட்டும் நான் தொடவே இல்லை.