புதுப்பிப்பு: கீசர் மாற்றியபின் ஷவரில் சூடு ஏறி இறங்கியது, காரணம் கிடைத்துவிட்டது

புது 15 லிட்டர் கீசர் மாட்டியதிலிருந்து ஷவர் தண்ணீர் திடீரென்று சுடுகிறது, திடீரென்று பச்சைத் தண்ணீராகிறது என்று எழுதியிருந்தேன். பலரும் கீசரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட்டீர்கள். அதில் பழுதில்லை. வாளியில் வெந்நீர் மட்டும் பிடித்துப் பார்த்தால் சூடு மாறவில்லை, ஆனால் நூல் மாதிரிதான் வந்தது. முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், வீண் செலவு மிச்சம்.

வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து ஷவருக்குத் தரும் மிக்சர் குழாயின் வெந்நீர்ப் பக்க நட்டைக் கழற்றினால், வாஷரில் உள்ள வடிகட்டி வலை முழுக்க வெள்ளை உப்புத் துகள், நடுவே குழாய் இணைப்பில் கசியாமலிருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப் துணுக்கு. பழைய குழாயில் படிந்திருந்த உப்பு வேலையின்போது பெயர்ந்திருக்கிறது. வெந்நீர் வரத்து குறைந்ததால், சமையலறைக் குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் பச்சைத் தண்ணீரின் அழுத்தம் மாறி, கலவையும் மாறியது. வலையைக் கழுவி மாட்டியபின் சூடு சீராக நிற்கிறது. கழற்றும் முன் கீசர் சுவிட்சை அணைத்து, தண்ணீர் வரத்தை நிறுத்தும் ஆங்கிள் வால்வை மூடிவிடுங்கள்.