அம்பாசிடரும் பத்மினியும் லே போனபோது கார்கிலில் ஒரு மெக்கானிக்

அல்சூர்வாசி:

பழைய வண்டிகளில் போனபோது வழியில் சந்தித்தவர்களைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள். நான் சொல்ல வேண்டியவர் கார்கிலில் இருக்கிறார்.

அப்பாவின் 1972 அம்பாசிடர் மார்க் 2, சித்தப்பாவின் பத்மினி, இரண்டிலுமாகக் குடும்பம் முழுக்கப் பெங்களூரிலிருந்து லடாக் கிளம்பினோம். புனே, அகமதாபாத், உதய்பூர், பிகானேர், அமிர்தசரஸ், ஜம்மு, ஸ்ரீநகர். டெல்லிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு அங்கே எப்போதும் சிக்கல்தான்.

கிளம்ப நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 50 வயது தாண்டிய காருக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். ஆனால் வாங்கிவிட்டால் கண்காட்சி, விண்டேஜ் ராலி போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்க முடியும். ஊர் சுற்ற ஆசையிருந்தால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வைத்திருங்கள். அப்பா அப்படித்தான் வைத்திருக்கிறார்.

மணாலி வழியை வேண்டாமென்றது அத்தைக்காக. அதில் சர்ச்சு, பாங் போன்ற தங்குமிடங்களே 4,000 மீட்டருக்கு மேல். ஸ்ரீநகர் வழியில் சோஜி லா கணவாய் 3,528 மீட்டர்தான். அதைத் தாண்டிக் கார்கிலில் 2,700 மீட்டர் அளவில் ராத்தங்கலாம். உடம்பு பழகிக்கொள்ளும்.

சோஜி லா ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது பத்மினி நின்றுவிட்டது. எதிரே நின்ற லாரியிலிருந்து ஒரு வயதான டிரைவர் இறங்கி வந்தார். பானெட்டைத் திறக்கச் சொன்னார், இன்ஜின் ஓரமாக இருக்கும் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றினார், "பத்து நிமிஷம் சும்மா இருங்க" என்றார். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது, பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகிறது; ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. பம்ப் குளிர்ந்ததும் வண்டி கிளம்பியது. அவர் பெயரைக் கேட்பதற்குள் லாரிகள் நகர ஆரம்பித்துவிட்டன.

கார்கில் போய்ச் சேர்ந்தபோது அம்பாசிடர் கறுப்புப் புகை கக்கியது, இழுவையே இல்லை. விடுதிக்காரர் காட்டிய பட்டறை லாரிப் பட்டறை. அங்கிருந்த பெரியவர் வண்டியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். சின்ன வயதில் அரசு அம்பாசிடர்களில்தான் தொழில் கற்றாராம். சைலன்சர் பக்கம் குனிந்து கொஞ்ச நேரம் கேட்டார். "காத்து கம்மி, பெட்ரோல் மட்டும் சமவெளிக் கணக்குல போகுது" என்று அவர் சொன்னதை, அப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். அடுத்து ஏற வேண்டிய 4,108 மீட்டர் ஃபோட்டு லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். அத்தைக்குத் தலைவலி வந்ததும் இன்ஜின் திணறியதும் ஒரே காரணத்தால்தான்.

கார்புரேட்டரைக் கழற்றி, ஒரு தகர டப்பாவைக் கொட்டித் துழாவி, பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டில் சின்னதாக ஒன்றைப் போட்டார். டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பி, ஸ்பார்க் விழும் டைமிங்கை முன்னால் தள்ளினார். மீட்டர் எதுவும் கிடையாது, காது மட்டும்தான். கூலி வாங்கிக்கொண்டார், கூடவே ஒன்று கேட்டார். சுரு ஆற்றுப் பாலம் வரை தான் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். அப்பா பக்கத்தில் உட்கார, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் அந்தப் பழைய ஹேண்ட் கியரை ஒரு கிரீச் சத்தம்கூட வராமல் போட்டார். அப்பா வேறு யாரிடமும் சாவியைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஃபோட்டு லாவை இரண்டு வண்டியும் புகையில்லாமல் ஏறின. லாமாயூரு இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே போனால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும், ஒதுங்கி வழிவிடுங்கள்.

ஜீப்_ராஜாஜிநகர்:

அருமை சார். எங்களுக்கு மணாலி வழியில் பாங் என்ற இடத்தில் கூடாரத் தாபா நடத்தும் ஒரு அம்மா. எங்களுடையது பழைய மகிந்திரா பெட்ரோல் ஜீப், ராத்திரி வந்து எப்படியோ நிறுத்தினோம். அவர் வெளியே வந்து, முகப்பைக் கிழக்கே பார்த்துத் திருப்பச் சொன்னார். காலையில் முதல் வெயில் நேரே பானெட்டில் விழுந்தது. பக்கத்துக் கூடாரத்தார் வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்க, எங்களுடையது ஹேண்டில் போட்டதும் பிடித்துவிட்டது. குளிரில் ஆயில் கெட்டியாகும், பேட்டரி சோர்ந்துபோகும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள், வருஷா வருஷம் பார்த்துத் தெரிந்துகொண்டது. திரும்பும்போது ஜெட்டை மாற்றினீர்களா?

அல்சூர்வாசி:

மாற்றினோம். பழைய ஜெட்டைத் தாளில் மடித்து அப்பா சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பியிருந்தார் அந்தப் பெரியவர். சின்ன ஜெட்டோடு சமவெளியில் ஓட்டினால் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் சூடேறும், வால்வு கருகும். ஜம்முவில் இறங்கியதுமே மாட்டிவிட்டோம். கிளம்புவதற்கு முன் பெங்களூர் சிவாஜிநகரில் பழைய உதிரிபாகம் விற்கும் குஜிரிக் கடைகளில் இரண்டு மூன்று அளவு ஜெட், பாயின்ட் செட், கண்டென்சர், ஃபேன் பெல்ட் எல்லாம் தேடி வாங்கிக்கொள்ளுங்கள்.