ஒன்பதாம் வகுப்புச் சீருடையும் கையில் ஒரு கயிறும்

(பள்ளியில் உடை, முடி பற்றிய விதிகளைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று நால்வர் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதியது.)

நெல்லை டீச்சர்:

எங்கள் மாவட்டத்தில் பள்ளி உடை பற்றிப் பேச்சு எடுத்தால் அது நேரே கையில் கட்டும் கயிற்றுக்குத்தான் போகும். எந்தத் தெருப் பையன், என்ன சாதி ஆட்கள் என்று வாய்விட்டுக் கேட்காமலே கயிற்றின் நிறத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளுக்குக்கூட அந்த நிறத்தில் பெயின்ட் அடித்து வைத்திருப்பான். எல்லோருக்கும் ஒரே சட்டை என்று வைத்தது எதற்காகவோ, அதை மணிக்கட்டில் இருக்கும் கயிறு கெடுத்துவிடுகிறது.

2019இல் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே சாதிப் பகையில் வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி வேண்டாம், சாதி அடையாளம் பூசிய சைக்கிள் வேண்டாம், அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது.

எங்கள் ஹெச்.எம். (தலைமையாசிரியை) அம்மா பிள்ளைகளிடம் போகும் முன்பு எங்களைத்தான் கூப்பிட்டார். "நம்ம கைல கயிறு இருக்கிற வரைக்கும் அவங்க கைய நாம பார்க்கக் கூடாது" என்றார். கோயில் கயிறு கட்டியிருந்தவர்கள் கழற்றினோம். பி.இ.டி. (உடற்பயிற்சி) சாரும் கழற்றினார். அப்புறம்தான் ஒன்பது, பத்து வகுப்புகளுக்குப் போய்க் காரணத்தை ஒளிக்காமல் சொன்னோம். நாங்குநேரியைப் பெயர் சொல்லியே சொன்னோம். "ரூல்ஸ், அதான்" என்று முடித்திருந்தால் ஒருவனும் கேட்டிருக்க மாட்டான். அன்றைக்கே முன்வரிசைப் பையன் ஒருவன் பல்லால் முடிச்சை அவிழ்த்தான். கயிறு இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளுத்திருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, "திருச்செந்தூருக்கு நேர்ந்து கட்டினது டீச்சர், அவுத்தா பிள்ளைக்கு ஆகாது" என்றார். அந்தப் பயம் நிஜம். இடுப்பில் கட்டிவிடுங்கள் என்று ஹெச்.எம். சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

எல்லாரும் கேட்டுவிடவில்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மாட்டேன் என்றே நின்றான். கத்தரியை எடுக்கக் கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். லேபில் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். கழற்றினால் அண்ணன்மார் கேட்பார்கள் என்றான். வெகுநாள் கழித்து, பள்ளி வாசலுக்குள் வரும்போது கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வதும் போகும்போது கட்டிக்கொள்வதுமாக ஒரு வழிக்கு வந்தான். அதற்கு மேல் பள்ளியால் போக முடியவில்லை. ஆனால் பகல் முழுக்க அவன் பக்கத்தில் உட்காரும் பையனுக்கு அந்தக் கயிறு கண்ணில் படவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

விருதுநகர் சலூன்காரர்:

டீச்சர், கத்தரியை எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் சொல்ல வேண்டும். வேறு ஒரு பள்ளியில் வாசலிலேயே ஒரு வாத்தியார் பையனுடைய முடியில் நடுவில் ஒரு பிடி வெட்டிவிட்டார். சாயங்காலம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தான். சரிசெய்ய வழியே இல்லை, மொட்டைதான். மிஷின் ஓடும்போது கண்ணாடியைப் பார்க்காமல் குனிந்தே இருந்தான். அப்புறம் நாலைந்து நாள் பள்ளிக்கே போகவில்லை என்று அவன் அப்பா சொன்னார்.

எங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து முதலில் கடைகளுக்கு ஒரு கடிதம் வந்தது, மாணவர்களுக்கு ஸ்டைலாக வெட்டாதீர்கள் என்று. ஸ்டைல் என்றால் எது? நான் வெட்ட மாட்டேன் என்றால் பையன் பஸ் ஏறி டவுனுக்குப் போய் வெட்டிக்கொள்கிறான். இதைத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களையே உட்காரவைத்து எழுதச் சொன்னார். சைடு எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம், கோடு போடக் கூடாது, கலர் கூடாது, முன்முடி புருவத்துக்கு மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தாளைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். இப்போது பையன்களே அதைக் காட்டி, "அண்ணாச்சி, இதுக்குள்ள எவ்வளவு ஸ்டைலா வருமோ வெட்டுங்க" என்கிறார்கள். வெட்டிவிடுகிறேன்.

முன்னாள் மாணவன்:

எட்டாம் வகுப்பு வரை சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருடம் நாலு செட் சீருடை இலவசம். ஒன்பதாம் வகுப்பில் அது நின்றுவிடும், நிறமும் மாறிவிடும், துணி எடுத்துத் தைக்க வேண்டும். அந்த வயதில்தான் உடம்பும் கிடுகிடுவென வளரும். இந்த மூன்றும் ஒரே வருடத்தில் வருவதைப் பள்ளியில் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை.

என் பேன்ட் பத்தாம் வகுப்பில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. இறுக்கமாகப் பென்சில் ஃபிட் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று அசெம்பிளியில் முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அம்மா கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டிருந்தார், பழைய மடிப்புக் கோடு வெளிறிப்போய் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்திருந்தால் எவருக்கும் புரிந்திருக்கும். கணக்கு டீச்சர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் ஒரு பழைய மாணவருடைய பேன்ட் இரண்டு, தோய்த்து அயர்ன் பண்ணியது, ஸ்டாஃப் ரூமில் என்னிடம் கொடுத்தார். அவர் வகுப்பில் அதற்குப் பிறகு நான் சத்தம் போட்டதே இல்லை.

நெல்லை டீச்சர்:

தம்பி, இதைப் படித்ததும் ஹெச்.எம்.மிடம் காட்டினேன். ஒன்பதில் சேரும்போதே யாருக்குத் துணி வேண்டும் என்று வகுப்பாசிரியர் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறோம். முன்னால் நிறுத்துவது சட்டப்படியும் தப்பு. ஆறு முதல் பதினாலு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனதளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. பல ஆசிரியர்கள் அடிக்கக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு மாணவியின் அம்மா:

பையன்கள் பேச்சாகவே போகிறது, பெண் பிள்ளைகளையும் சொல்லுங்கள். என் மகள் பதினொன்றாவது. மேல்கோட்டு, ரெட்டைச் சடை, ரிப்பன் எல்லாம் போட்டுத்தான் போகிறாள், அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் கோட்டில் ஒரு பட்டன் அறுந்திருந்ததை ஒரு ஆண் ஆசிரியர் பையன்கள் மத்தியில் சொல்லியிருக்கிறார். பிள்ளை இரண்டு நாள் வயிற்றுவலி என்று படுத்துவிட்டாள். பட்டனை நான் ராத்திரியே தைத்துவிட்டேன். பெண் பிள்ளைகள் உடையைப் பற்றி எதுவானாலும் ஒரு டீச்சர் மூலம், தனியாகச் சொல்ல வேண்டும். இதை எழுத்திலேயே வைக்கச் சொல்லி அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். வேறு பள்ளிகளில் இப்படி எழுதி வைத்திருந்தால் அந்த வாசகத்தை இங்கே போடுங்கள், அப்படியே கொண்டுபோகிறேன்.