குழந்தைக்கான 1770களின் அங்கி: தோள்வார் வைக்கலாமா?

இழையோட்டம்:
ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 1770களின் ஐரோப்பியப் பாணியில் லினன் அங்கி தைத்துக்கொண்டிருக்கிறேன். அக்காலத்தில் நடை பழகும் பிள்ளைகளின் அங்கியில் பின்தோள்களில் இரண்டு நீண்ட துணிப்பட்டைகளை வைத்துத் தைத்தார்கள். குழந்தை தடுமாறும்போது பெரியவர்கள் அவற்றைப் பிடித்துக்கொள்வார்கள். ஆண்பிள்ளைக்கும் அங்கிதான் என்பதால், அந்த வயதை அடையாளம் காட்டுவதே இந்தத் தோள்வார்தான். அதை நான் விடப்போவதில்லை. முதுகுத் திறப்புக்கும் கழுத்துச் சுருக்கத்துக்கும் நாடாவையே பயன்படுத்துவேன். ஜிப்பும் வெல்க்ரோவும் 20ஆம் நூற்றாண்டில் பரவியவை.

கத்தரிமுனை:
தோள்வாருக்கும் கழுத்து நாடாவுக்கும் நான் உடன்படவில்லை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுநாடா கூடாது என்று ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரவிதி சொல்வதற்குக் காரணம், அது எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும் என்பதுதான். மேலும், அன்று சிறு குழந்தைகளின் துணிகளைக் குண்டூசியால் குத்தி மூடும் வழக்கமும் இருந்தது. அதை நீங்கள் செய்யப்போவதில்லை. அப்படியானால், பாதுகாப்புக்காக வரலாற்றை ஓரிடத்தில் ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

இழையோட்டம்:
குண்டூசியும் நாடாவும் அக்காலத்தவை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது விட்டுக்கொடுத்தல் ஆகாது. நீங்கள் குறிப்பிடும் விதி விற்பனைக்கு வரும் உடைகளுக்கானது. தோள்வாரைப் பெரிய இழையாக ஓட்டிவைத்தால், மாட்டிக்கொண்டாலும் நூல் அறுந்து கையோடு வந்துவிடும்.

கத்தரிமுனை:
வீட்டில் தைத்த நாடா மட்டும் கழுத்தை இறுக்காதா? இழுத்தால் அறுந்துவிடும் வாரைப் பிடித்துக்கொண்டு யார் குழந்தையை நடத்துவது? பிடிக்க முடியாத வார் வெறும் அலங்காரம்; அதுவும் குழந்தை தானே மிதித்து விழும் நீளத்தில்.

டக்மடிப்பு:
இருவரும் பாவாடைப் பகுதியை மறந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் இந்த உடையின் அழகு. வளரும் பிள்ளைக்காகக் கீழ்விளிம்புக்கு மேலே வரிசையாக டக் பிடித்து, அதாவது துணியை மடித்துத் தைத்து, வைப்பது பழைய வழக்கம். ஓர் அங்குல ஆழத்தில் பிடித்த டக்கைப் பிரித்தால் உடை இரண்டு அங்குலம் நீளும். அந்தத் தையலைக் கையால் நெருக்கமில்லாத ஓட்டுத்தையலாகப் போடுங்கள். எந்திரத் தையலைப் பிரித்தால் லினனில் துளைகள் வரிசையாகத் தெரியும். முதலில் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள், இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, விட்டுவைத்த நீளம் போய்விடும். முதுகுக்குக் கொக்கியும் கண்ணியும் போதும், அவையும் அக்காலத்தவையே. உள்பக்கம் ஒரு துணிப்பட்டி வைத்தால், குழந்தை மல்லாந்து படுக்கும்போது குத்தாது.

இழையோட்டம்:
டக் யோசனையையும் கொக்கியையும் ஏற்கிறேன். கழுத்தில் நாடாவுக்குப் பதிலாகச் சுருக்குகளை ஒரு பட்டிக்குள் வைத்து நிலையாகத் தைத்துவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. தோள்வாரை மட்டும் விடமாட்டேன்: உறுதியாகவே தைத்து, ஒருவர் கையில் பிடித்திருக்கும் நேரத்தில் மட்டும் அணிவிப்பேன்.

கத்தரிமுனை:
கையில் இருக்கும்வரை சரி. குழந்தை பிடியிலிருந்து நழுவி ஓடும் அந்தச் சில நொடிகளைப் பற்றித்தான் நான் தொடக்கத்திலிருந்தே கேட்கிறேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.