ஏப்ரல் 14க்கு வாழ்த்து சொன்னது தப்பா?

மாங்காபச்சடி:
எங்க அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்புல சித்திரை ஒண்ணு காலையில "இனிய தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துக்கள்"னு பச்சடி போட்டோவோட ஒரு மெசேஜ் போட்டேன். ரெண்டாவது மாடி ஐயா, ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், "தமிழருக்குத் தை முதல் நாளே புத்தாண்டு"ன்னு பதில் போட்டாரு, உடனே இன்னொருத்தர் "பஞ்சாங்கம் பாத்துதானே உங்க வீட்டு கல்யாணம் நடந்துச்சு"ன்னு கேக்க, சாயந்திரத்துக்குள்ள கட்சி, சாதி எல்லாம் வந்து அட்மின் குரூப்பையே பூட்டிட்டாரு. நான் யாரையும் புண்படுத்த நினைக்கல. இனிமே வாழ்த்தே சொல்ல வேணாமா, இல்ல சில டிவில சொல்ற மாதிரி "விடுமுறை தின வாழ்த்து"ன்னு மொட்டையா போடவா?

நெல்லைக்காரன்:
தாராளமா சொல்லுங்க. 2008ல தை ஒண்ணுதான்னு சட்டம் போட்டாங்க, ஆட்சி மாறினதும் 2011ல அதை ரத்து பண்ணி திரும்ப சித்திரைக்கே கொண்டு வந்தாங்க. அந்த வருஷங்கள்லயும் எங்க ஆச்சி முந்தின ராத்திரியே தாம்பாளத்துல மாம்பழம், வெள்ளரிக்கா, கொன்றைப்பூ, கண்ணாடி எல்லாம் எடுத்து வச்சுட்டு விடியக்காலம் எங்க கண்ணைப் பொத்திக் கூட்டிட்டுப் போயி கனி காட்டுவா. அவளுக்கு அது சித்திரை விசு, அவ்வளவுதான்.

வடமராட்சி:
இலங்கையில எங்கட பக்கம் வருசப்பிறப்பு எண்டுதான் சொல்லுறது. மூலிகை அவிச்ச மருத்துநீர் வச்சு முழுகிப்போட்டு அப்பாட்டக் கைவிசேஷக் காசு வாங்குவம். அரசாங்கக் கலண்டரில சிங்கள தமிழ்ப் புத்தாண்டு எண்டு கிடக்கும். வருசப்பிறப்பு வாழ்த்து எண்டு போட்டுப் பாருங்கோ, ஆரும் கோவிக்க மாட்டினம்.

டாலஸ்_தமிழன்:
இங்க டிசம்பர்ல இதே சண்டைதாங்க, மெரி கிறிஸ்மஸா ஹேப்பி ஹாலிடேஸான்னு. 2015ல ஸ்டார்பக்ஸ் காபிக்கடை கப்பு கிறிஸ்மஸ் காலப் படம் எதுவும் இல்லாம வெறும் சிவப்பா இருந்துச்சுன்னு கூட ஊரே பேசுச்சு. என் டீம்ல ஒரு யூதர், நான் ஹனுக்கா எப்ப ஆரம்பிக்குதுன்னு கேட்டு வச்சுக்கிட்டு அன்னைக்கு வாழ்த்து சொன்னேன், அடுத்த தீபாவளிக்கு காலையில முதல் மெசேஜ் அவருதான். மொட்டையா ஹேப்பி ஹாலிடேஸ்னு சொல்லியிருந்தா இது நடந்திருக்காது.

தைமகள்:
ஐயா பக்கமும் கொஞ்சம் பாருங்க. எங்கப்பாவும் அந்த மாதிரிதான். பிரபவ, விபவ, விசுவாவசுன்னு அறுபதும் சமஸ்கிருதப் பேரு, அதுக்குப் போய் தமிழ்ப் புத்தாண்டுன்னு பேரான்னு அவருக்கு உண்மையிலேயே வலிக்கும், திருவள்ளுவர் ஆண்டு போட்டுத்தான் லெட்டரே எழுதுவாரு. அதுக்காக காலங்காத்தால ஆசையா வாழ்த்து சொன்னவங்ககிட்ட பாடம் எடுத்தது தப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஒண்ணு கேக்கறேன், தை ஒண்ணுக்கு அந்த ஐயா குரூப்புல என்ன போட்டாரு, நீங்க என்ன பதில் போட்டீங்க?

மாங்காபச்சடி:
இப்பதான் மேல தள்ளிப் பாத்தேன். பொங்கல் அன்னைக்கு காலையில அஞ்சரைக்கே "தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்துகள்"னு ஒரு குறளோட போட்டிருக்காரு. கீழ நாங்க எல்லாரும் வரிசையா ஹேப்பி பொங்கல் ஸ்டிக்கர் அனுப்பியிருக்கோம், அவருக்குன்னு ஒருத்தர் கூட பதில் போடல, நானும்தான். சாயந்திரம் கொஞ்சம் பச்சடி எடுத்துட்டு ரெண்டாவது மாடிக்கு போய்ட்டு வரேன்.