ஈர்ப்பழுத்தமா, ஈர்ப்புமட்டமா?

வணக்கம்.

ஒரு கோளுக்கு மேலே பல உயரங்களில் நிலையாற்றலைக் கணக்கிடும்போது இரண்டு அளவுகள் வருகின்றன. பொருளின் நிறையையும் சேர்த்துச் சொல்வது ஈர்ப்பு நிலையாற்றல். அச்சொல்லில் சிக்கல் இல்லை. நிறையால் வகுத்து, கிலோகிராமுக்கு இத்தனை ஜூல் என்று அந்த இடத்துக்கே உரியதாகச் சொல்வது மற்றொன்று. ஆங்கிலத்தில் gravitational potential எனப்படும் இதற்குத் தமிழில் ‘ஈர்ப்பழுத்தம்’ என்ற சொல்லே போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

இலங்கையில் இச்சொல் இடறாது. அங்கே காற்று தருவதை (pressure) அமுக்கம் என்பார்கள். தமிழ்நாட்டு மாணவருக்கோ அதுவும் அழுத்தம்தான். மின்சுற்றில் காற்று குறுக்கிடாததால் ‘மின்னழுத்தம்’ குழப்பமின்றி நிலைத்துவிட்டது. ஆனால், மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், ஈர்ப்பழுத்தம் கூடும் என்று ஒரே பத்தியில் எழுத நேர்ந்தால் படிப்பவர் திகைப்பார். இதே அளவுக்கு வழங்கும் மற்றொரு சொல்லான ‘தன்னிலை ஆற்றல்’ என்பதோ ஆற்றல் அல்லாத ஒன்றை ஆற்றல் என்கிறது.

‘ஈர்ப்புமட்டம்’ என்பதை முன்வைக்கிறேன். முடிவிலித் தொலைவைச் சுழியாகக் கொண்டால், புவிப்பரப்பின் ஈர்ப்புமட்டம் கிலோகிராமுக்கு −62.6 மெகாஜூல், 400 கி.மீ. உயரத்தில் −58.9, புவிநிலைச் செயற்கைக்கோள் சுற்றும் 35,786 கி.மீ. உயரத்தில் −9.5. கிணற்று நீர்மட்டத்தைத் தரைக்குக் கீழே இத்தனை அடி என்று சொல்லிப் பழகிய நமக்கு இந்த எதிர்க்குறி உறுத்தாது. இரு மட்டங்களின் வேறுபாட்டை நிறையால் பெருக்கினால் பொருளை உயர்த்தத் தேவையான ஆற்றல் கிடைத்துவிடும். 400 கி.மீ.க்கு அது கிலோகிராமுக்கு 3.7 மெகாஜூல், ஈர்ப்பு முடுக்கம் மாறாது என்று கொண்டு உயரத்தால் பெருக்கினால் 3.9 வரும். இந்தச் சிறு பிழை புவிநிலை உயரத்தில் பூதாகரமாகிறது: உண்மையில் ஏறத்தாழ 53, பெருக்கினால் வருவதோ 351.

மட்டம் என்றால் வெறும் உயரம் என்று நினைத்துவிட மாட்டார்களா என்ற ஐயம் நியாயமானதே. நிலாவின் ஈர்ப்பை மட்டும் கணக்கில் கொண்டால் நிலாப்பரப்பின் ஈர்ப்புமட்டம் கிலோகிராமுக்கு −2.8 மெகாஜூல்தான் என்று வரையறையை ஒட்டியே ஓர் எடுத்துக்காட்டைத் தந்தால், உயரம் சுழியாக இருந்தும் மட்டம் கோளுக்குக் கோள் மாறுவது விளங்கிவிடும். ‘ஆற்றல் மட்டம்’ என்ற அணுவியல் வழக்கோடும் இது முரண்படவில்லை.

இச்சொல்லை ஏற்றால், சம அளவுள்ள இடங்களை இணைக்கும் பரப்பைச் ‘சமமட்டப் பரப்பு’ எனலாம். அலையையும் ஓதத்தையும் நீக்கிவிட்டு, புவிச்சுழற்சியின் விளைவையும் சேர்த்துப் பார்த்தால், கடல்மட்டமே ஏறத்தாழ அத்தகைய ஒரு பரப்புதான்.