எரிமலை மேல அளந்தா சரியா? (குடும்பக் குழு)

மீனா: எல்லாரும் ஒரு நிமிஷம் வாங்க. மனுஷங்களால பூமி சூடாகுதுங்கிறது பொய்னு நேத்து வந்த ஃபார்வர்டுக்குப் பதில் எழுதறேன். "ஹவாய் தீவுல இருக்கிற மௌனா லோவா ஒரு எரிமலை, அங்க உட்கார்ந்து அளந்தா கரியமில வாயு கூடத்தான் காட்டும்"னு இருக்கு.

ரவி சித்தப்பா: காத்துல கரியமில வாயுவை அளக்கிற ஆய்வகம் 3,400 மீட்டர்ல, சரிவுல இருக்கும்மா. வாயு கசியிற வெடிப்பு அதுக்கும் மேல, உச்சிப் பக்கம். ராத்திரி காத்து சரிவோட இறங்கும்போது சில நாள் அந்த வாயுவும் சேர்ந்து வரும். வந்தா அளவு நிமிஷத்துக்கு நிமிஷம் எகிறும், விழும். அந்த மணி நேரத்தை அப்படியே தள்ளிடுவாங்க. மத்தியானத்துக்கு மேல கீழேர்ந்து ஏறி வர்ற காத்துல, செடிகொடி உறிஞ்சிட்டதால, அளவு குறைவா இருக்கும். அதையும் தள்ளுவாங்க. இதைச் சேர்த்து எழுது. கூடுறதை மட்டும் கழிக்கலைன்னு தெரியணும்.

கமலா அத்தை: அளக்கிற முறையையும் போடு. காத்தை இழுத்ததும் முதல்ல குளிரவெச்சு ஈரத்தை உறைய விட்டு எடுக்கணும், நீராவியும் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும் இல்ல? அப்புறம்தான் காத்து வழியா கதிரை விட்டு எவ்வளவு குறையுதுன்னு பார்க்கிறது. கருவி மெல்ல மெல்லப் பிசகும். அதனால செறிவு தெரிஞ்ச வாயுவை சிலிண்டர்லேர்ந்து நடுநடுவுல விட்டுச் சரிபார்க்கணும். அங்க அளக்க ஆரம்பிச்ச விஞ்ஞானி கீலிங் 1958லேர்ந்து இதுல கண்ணும் கருத்துமா இருந்தார்.

ரவி சித்தப்பா: 1964ல பணத்தை வெட்டி சில மாசம் அளக்கிறதையே நிறுத்தினாங்க. வரைபடத்துல அந்த இடைவெளி இன்னும் இருக்கு. அதைப் பார்க்கிறப்பெல்லாம் மனசு ஆறல.

செந்தில் அண்ணன்: தென் துருவத்துல எரிமலைக் கசிவே கிடையாது. அங்கயும் அதே ஏற்றம்தான். மௌனா லோவால 1958ல சுமார் 315 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 315 பங்கு), இப்போ 420ஐத் தாண்டியாச்சு.

மீனா: அண்ணா, "எரிபொருள்லேர்ந்துதான் வந்துதுன்னு என்ன ஆதாரம்"னும் கேட்டிருக்காங்க.

செந்தில் அண்ணன்: கார்பன் 14, அதாவது தானா சிதைஞ்சு குறையிற ஒரு வகைக் கார்பன். பாதியாக் குறைய சுமார் 5,700 வருஷம். நிலக்கரியும் கச்சா எண்ணெயும் கோடிக்கணக்கான வருஷப் பழசு, அதுல மிச்சமே இருக்காது. அந்தப் புகை கலக்கக் கலக்க காத்துல கார்பன் 14 பங்கு நீர்த்துப்போகும். ஹான்ஸ் சூயஸ்னு ஒரு விஞ்ஞானி 1950கள்லயே மர வளையத்துல இதைக் காட்டிட்டார். "எரிமலை வாயுலயும் கார்பன் 14 இல்லையே"ன்னு மடக்குவாங்க. அப்போ ஆக்சிஜனைக் காட்டு. எரிமலை வாயு கசிஞ்சா காத்துல ஆக்சிஜன் குறையாது, எரிபொருளை எரிச்சா குறையும். குறைஞ்சுக்கிட்டேதான் வருது.

மீனா: சூரியன்தான் காரணம்னு ஒரு வரி இருக்கு.

ரவி சித்தப்பா: சூரியன்னா மேல் அடுக்கும் சூடாகணும். கரியமில வாயு கூடினா கீழ சூடு, மேல இருக்கிற அடுக்கு வளிமண்டலத்துல குளிர்ச்சின்னு மனாபே, வெதரால்டுனு ரெண்டு விஞ்ஞானிங்க 1967லயே கணக்குப் போட்டாங்க. அப்படியேதான் நடந்திருக்கு.

மீனா: கடைசியா, "70கள்ல பனியுகம் வரும்னாங்க, இப்போ சூடுங்கிறாங்க".

கமலா அத்தை: 1965லேர்ந்து 1979 வரைக்கும் வந்த ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாடி எண்ணிப் பார்த்திருக்காங்க. குளிரும்னது 7, சூடாகும்னது 44. பத்திரிகைத் தலைப்பு வேற, ஆய்வு வேற.

செந்தில் அண்ணன்: கரியமில வாயுவால சூடாகும்னு அமெரிக்க அதிபருக்கு 1965லயே அறிவியல் குழு எழுதிக் கொடுத்தாச்சு. எக்ஸான் எண்ணெய் கம்பெனி நிர்வாகத்துக்கு அவங்க விஞ்ஞானியே 1977ல நேர்ல சொன்னார். 1988ல நாசா விஞ்ஞானி ஹேன்சன் அமெரிக்க செனட்ல சொன்னார்.

கமலா அத்தை: தேதியை அடுக்கினா யாரும் படிக்க மாட்டாங்க செந்தில். எண்ணைப் போடு. கரியமில வாயு இரட்டிப்பானா எவ்வளவு சூடு ஏறும்? 1979ல அமெரிக்க அறிவியல் அகாடமியோட சார்னி குழு சொன்னது 3 டிகிரி, முன்னப்பின்ன 1.5. 2021ல ஐநாவோட காலநிலைக் குழு ஐபிசிசி சொன்னதும் 3 தான், வீச்சு மட்டும் 2.5லேர்ந்து 4ன்னு சுருங்கியிருக்கு. 42 வருஷம் கழிச்சும் நடு எண் அசையல.

ரவி சித்தப்பா: அந்த 1979 அறிக்கையிலேயே இன்னொண்ணும் உண்டு. கடல் சூட்டை உள்ள இழுத்துக்கும், அதனால மேல தெரிய பல வருஷம் ஆகும், பார்த்துக்கலாம்னு காத்திருந்தா காலம் கடந்துடலாம்னு.

மீனா: சித்தப்பா, பதிலை இதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன். எரிமலை ரெண்டாவது.